பழைய கேரவன் வேன் பராமரிப்பு: வேலூர்ப் பகுதி உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய டெம்போ டிராவலர் போன்ற டீசல் வேனை வாங்கி, இருக்கைகளை எடுத்துவிட்டுப் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, இரண்டாவது பேட்டரி ஆகியவற்றைப் பொருத்திக் குடும்பத்தோடு பயணம் போகிறவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்காகப் பிரிந்து கிடக்கும் பழைய வடாற்காட்டின் வெயிலும், போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரும், மலைச்சாலைகளும் இத்தகைய வண்டிகளை எப்படிப் பாதிக்கின்றன என்பதை மனத்தில் வைத்தே விடைகள் தரப்பட்டுள்ளன.

வண்டி ஆண்டுக்கு நான்காயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு செலவு வைக்கிறது?

குறைவாக ஓடுவதுதான் காரணம். நாள்தோறும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனைவிட, எட்டு மாதம் வீட்டு வாசலில் நின்று இரண்டு மாதம் ஓடும் வேன் விரைவில் கெடும். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வெயிலில் டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு விடுகிறது, கண்ணாடி ரப்பர் காய்கிறது, பேட்டரியின் நீர் வற்றுகிறது, பிரேக் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் ஒட்டிக்கொள்கின்றன. கிலோமீட்டர்க் கணக்கை மட்டும் பார்த்துப் பராமரிப்பைத் தள்ளிப்போடுகிறவர்கள், காலக் கணக்கு ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருப்பதை மறந்துவிடுகிறார்கள். இன்ஜின் ஆயிலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறையும், பிரேக் ஆயிலையும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் இரண்டு ஆண்டுக்கொரு முறையும் மாற்றுவதே முறை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். மலையிலிருந்து இறங்கும்போது அதன் விளைவு தெரியவரும்.

பல மாதங்கள் நின்ற வண்டியை எடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

சாவியைப் போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். தரையில் எண்ணெய்க் கறையோ கூலன்ட் கறையோ இருந்தால் அது எங்கிருந்து சொட்டியது என்று தெரிந்த பின்பே அடுத்த வேலை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம். நெல் வயல்களை ஒட்டிய ஊர்களில் அறுவடை முடிந்ததும் எலிகள் நின்ற வண்டிகளைத் தேடி வந்துவிடும், ஒயரின் மேலுறை அவற்றுக்கு மிகவும் பிடித்தமான பொருள். டீசல் ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். பாதி காலியாக நிற்கும் டாங்கின் உட்சுவரில் பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிருக்கும் இடையே ஈரம் படிந்து இறங்கும் என்பதால், வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால் டாங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தே நிறுத்தியிருந்தால், பின் சக்கர லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கக்கூடும். மாதக் கணக்கில் நிறுத்தும்போது சமதரையில் கட்டை வைத்து, முதல் கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடுவதே சரி.

புது பேட்டரி போட்டும் காலையில் செல்ஃப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) சரியாகச் சுற்றுவதில்லை. அடுத்து செல்ஃப் மோட்டாரைத்தான் மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். பழைய வண்டிகளில் இந்தப் பழுதுக்கு மிகச் சாதாரணமான காரணம் எர்த் இணைப்பு, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரும் வழி. பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கு ஒரு கேபிளும், சேஸியிலிருந்து இன்ஜினுக்குப் பின்னிய செம்புப் பட்டை ஒன்றும் போகும். இந்தப் பட்டை துருவும் எண்ணெயும் சேர்ந்து வெளியே கறுத்தும், போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்தும் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உறுதியாக இருப்பது போலவே தோன்றும்.

சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மல்டிமீட்டர் இருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் (கிளாம்ப்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே), மற்றொன்றை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஓர் இடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் அளவில் காட்டினால் இணைப்பு நலம். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால், செல்ஃப் மோட்டாருக்குப் போக வேண்டிய சக்தி அந்த இணைப்பிலேயே வெப்பமாக வீணாகிறது என்று பொருள். போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். பிளஸ் பக்கத்துக்கும் இதே சோதனைதான்.

பேட்டரியையும் ஒரு முறை அளந்துவிடுவது நல்லது. ஓர் இரவு சும்மா இருந்த 12 வோல்ட் ஈய பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையே இருக்க வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, அது பேட்டரி நீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு வழக்கு: ஹீட்டர் பிளக் (குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்குவது), டீசல் குழாயில் காற்று, அடைத்த ஃபில்டர் ஆகியவற்றை அந்த வரிசையில் பார்க்க வேண்டும். டீசலை ஏற்றும் கை பம்ப்பை அழுத்தியவுடன் வண்டி பிடித்துக்கொண்டால், இரவில் எங்கோ ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று ஏறுகிறது என்பது உறுதி.

உள்ளே உள்ள இரண்டாவது பேட்டரி ஓர் இரவுகூடத் தாங்குவதில்லை. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும்: அது நிறைவதே இல்லை, அல்லது தெரியாமல் ஏதோ ஒன்று அதைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

முதலாவது பெரும்பாலும் ஒயரின் தடிமனைப் பொறுத்தது. முன்னால் இருக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பின்னால் உள்ள பேட்டரிக்கு ஐந்தாறு மீட்டர் ஒயர் போகிறது. பாடி கட்டியவர் விளக்குக்குப் போடும் ஒயரையே இதற்கும் இழுத்திருந்தால், முன்னால் 14.2 வோல்ட் இருக்கும்போது பின்னால் 13.3 மட்டுமே போய்ச் சேரும். பெங்களூருவரை ஓட்டினாலும் பேட்டரி முழுமையாக நிறையாது. தடித்த செம்புக் கேபிளை மாற்றி, இரு முனையிலும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத தடித்த கேபிள் தீயை விலை கொடுத்து வாங்குவதற்குச் சமம்.

இரண்டாவதைக் கண்டுபிடிக்க, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மைனஸ் கேபிளைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து இடையில் இணைத்துப் பாருங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது பெரிய சுமை எதையும் போடக் கூடாது. 0.05 ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. ஓர் ஆம்பியர் காட்டினால் நாளொன்றுக்கு 24 ஆம்பியர்-மணி போய்க்கொண்டிருக்கிறது, அதாவது 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதியாகும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால் எதைப் பிடுங்கியதும் அளவு விழுகிறதோ அதுவே குற்றவாளி. சும்மா ஆன் செய்தபடி விடப்பட்ட இன்வெர்ட்டரே பல வண்டிகளில் அகப்படுகிறது.

பேட்டரியை இன்ஜினுக்குப் பக்கத்திலோ வெயில் படும் பெட்டியிலோ வைக்காதீர்கள். ஈய பேட்டரியின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொது விதி.

அதே பேட்டரியில் இரவு முழுவதும் ஏசி ஓடுமா?

ஓடாது. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது. ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்பதால் 900. ஒரு டன் ஏசி சுமார் ஆயிரம் வாட் இழுக்கும். ஒரு மணி நேரம்கூட வராது. அதே 900 வாட்-மணியில் 25 வாட் மின்விசிறி இரண்டைப் பதினெட்டு மணி நேரம், அதாவது இரண்டு இரவு ஓட்டலாம். வேலூரில் கோடை இரவு அதற்கெல்லாம் அடங்காது என்பதும் உண்மைதான். அந்த இரண்டு மாதத்தில் ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய்ப் படுப்பதே அறிவுடைமை.

ஏலகிரி ஏறும்போது வண்டி சூடாகிறது. நெடுஞ்சாலையில் எந்தத் தொல்லையும் இல்லை. என்ன பழுது?

எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் மட்டும் சூடாகி, வேகமெடுத்ததும் தணிந்தால், ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை: ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் தேய்ந்திருக்கலாம், ஃபேனைச் சுற்றியுள்ள மூடுகூடு உடைந்திருக்கலாம். மாறாக, பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடாகி, மெதுவாகப் போனால் தணிந்தால், ரேடியேட்டருக்குள் அடைப்பு. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே சூடேறி, கூலன்ட் தொட்டியில் குமிழிகள் விடாமல் வந்தாலோ, ஆயில் கேப்பின் அடியில் மோர் நிறத்தில் நுரை படிந்திருந்தாலோ, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகட்டை, அதாவது ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் மலை ஏறக் கூடாது.

உங்கள் வண்டி முதல் வகை. பெல்ட்டையும் ஃபேனையும் பார்ப்பதற்கு முன், ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தை விளக்கடித்துப் பாருங்கள். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்தில் பூச்சிகளும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும். முன்னாலிருந்து எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அது இன்னும் ஆழமாகப் போய் உட்காருமே தவிர வெளியே வராது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து, அழுத்தம் குறைந்த தண்ணீரை அடிக்க வேண்டும்.

ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாம் கியரில் இன்ஜினைத் திணறவிடாமல், இரண்டாம் கியரில் சற்று வேகமாகச் சுற்றவிட்டு ஏறினால் தண்ணீர் பம்ப்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றிச் சூட்டைத் தணிக்கும். வெப்பநிலை முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழு அளவில் திறந்துவிடுங்கள். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஹெட்டுக்கு அது நல்லது. அதற்கும் தணியாவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கூலன்ட் வெளியேறாத பட்சத்தில், இன்ஜினை அணைக்காமல் சிறிது நேரம் சுற்றவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் இருபது டிகிரி உயர்த்தி வைத்திருக்கிறது. திறந்த நொடியில் அத்தனையும் ஆவியாக முகத்தில் அடிக்கும். அதே காரணத்தால்தான் ரப்பர் தேய்ந்த மூடியும் வண்டியைக் கொதிக்க வைக்கிறது. விலை மலிவான பொருள் என்பதால் இதை யாரும் சந்தேகிப்பதில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடாகாது என்று மெக்கானிக் சொல்கிறார்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக இருக்கும் பழக்கம் இது. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். கழற்றினால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமாகும், டீசல் கூடுதலாகப் பிடிக்கும், சிலிண்டர் தேயும். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருக்கும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை, வழக்கமாக எண்பதை ஒட்டி, தண்ணீர் எட்டும்போது வால்வு திறந்தால் அது நல்ல நிலையில்தான் இருக்கிறது.

கூடவே ஒன்று: ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பகுதிப் போர்களில் பல உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தவை. வீட்டுக் குழாயில் வெள்ளை பூப்பதைப் பார்க்கிறீர்களே, அதுவே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் நடக்கும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிப் பாதி என்பதே சரியான கலவை.

மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிப்பது குறைகிறது.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறி. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் ஒருபோதும் விடாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு உருண்டு வராதீர்கள், ஏனெனில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இன்ஜின் ஓடும்போதுதான் கிடைக்கும். பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதைவிட, அழுத்தி வேகத்தைக் குறைத்துக் காலை எடுத்து ஆறவிட்டு மறுபடியும் அழுத்துவது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பிரேக் ஆயிலை மாற்றி, சக்கரங்களுக்குப் போகும் ரப்பர்க் குழாய்களை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, உப்பியிருந்தாலோ எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

டயர்களில் பட்டன் (தரையைத் தொடும் வரிக்கட்டைகள்) நன்றாக இருக்கிறது. இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டலாம்?

பட்டனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும், ஆனால் கேரவன் வேன்களின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஆறு ஆண்டைத் தாண்டியதை ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டானது பார்ப்பதற்குப் புதிதாக இருந்தாலும் கழிக்கத்தக்கதே. ஸ்டெப்னியின் தேதியைப் பார்க்க மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர், சிலிண்டர், பாத்திரம், ஆட்கள் எல்லாவற்றையும் ஏற்றிய நிலையில் ஒரு முறை எடை மேடையில் நிறுத்துங்கள். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் அளவும், முழு வண்டிக்கு ஓர் அளவும் எடுத்தால், கழித்துப் பின் அச்சின் சுமையை அறியலாம். நூறு லிட்டர்த் தொட்டி நிறைந்தால் நூறு கிலோ. இரும்பு ஆங்கிளில் கட்டில் அடித்த வண்டிகள் பின் அச்சில் அளவு மீறி நிற்பது சாதாரணம். மே மாத மதியத்தில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் காற்றுக் குறைவும் அதிகச் சுமையும் சேர்ந்ததே காரணமாக இருக்கும்.

கூரை ஒழுகுகிறது. விளக்கைச் சுற்றிச் சிலிகான் அடைத்தும் நிற்கவில்லை.

தண்ணீர் விளக்கு வழியாக உள்ளே வரவில்லை, விளக்கு வழியாக வெளியே தெரிகிறது. கூரையில் ஏசிக்கோ, காற்றுப் போக்கிக்கோ, சோலார் பலகையின் காலுக்கோ போட்ட ஒரு திருகு ஓட்டையில் நுழையும் துளி, மேல் தகட்டுக்கும் உள் பலகைக்கும் இடையே ஒயரைப் பிடித்துக்கொண்டு சரிவுப் பக்கமாக நகர்ந்து, ஒயர் கீழே வளையும் இடத்தில் சேர்ந்து, விளக்கின் ஓரத்தில் சொட்டும். நுழைந்த இடத்துக்கும் சொட்டும் இடத்துக்கும் இரண்டு மீட்டர்கூட இருக்கலாம்.

கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். உள் பலகையில் ஒரு பகுதியைக் கழற்றி, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியே தண்ணீர்க் குழாயோடு நிற்க வேண்டும். அழுத்தமில்லாமல், கீழிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஓர் இணைப்பை மட்டும் பத்து நிமிடம் நனையுங்கள்: முதலில் ஜன்னலின் கீழ் விளிம்பு, பிறகு மேல் விளிம்பு, பிறகு மழைநீர் ஓடும் பள்ளம், கடைசியாகக் கூரை. மேலே தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து எதுவும் தெரியாது.

இடம் கிடைத்ததும் பழைய சிலிகானை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனெனில் அதன்மேல் வேறு எந்தப் பசையும், மறுபடி பூசும் சிலிகானும்கூட, ஒட்டாது. முன்கண்ணாடி ஒட்டப் பயன்படும் பாலியூரித்தேன் பசை தகட்டு இணைப்புகளுக்கு ஏற்றது. கழற்றிப் போட வேண்டிய பொருள்களுக்கு அடியில் பிசுபிசுப்பான பியூட்டைல் ரப்பர் நாடா வைக்கலாம். ஈரம் காயும்முன் மூடினால் உள்ளே பலகை மக்கும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தும்போது அமுங்கும் பலகையை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான். இந்த வேலைக்கு உகந்த காலம் புரட்டாசி தொடங்கும் முன். கோடை வெயிலில் தகடு விரிந்து சுருங்கி இணைப்புகள் விட்டிருக்கும். ஐப்பசி மழை அவற்றைக் காட்டிக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

யாரும் குழாயைத் திறக்காதபோதும் தண்ணீர் பம்ப் அவ்வப்போது ஓடி நிற்கிறது.

எங்கோ கசிவு, அல்லது பம்ப்பின் திரும்பாவால்வில் தூசி. முதலில் பம்ப்புக்கு முன்னுள்ள வடிகட்டியைக் கழுவுங்கள். சுண்ணாம்புத் துகள்தான் வழக்கமாக இருக்கும். பிறகு எல்லாக் குழாய் இணைப்புகளிலும் காகிதத் துண்டைச் சுற்றி வைத்தால் நனைவது காட்டிக்கொடுத்துவிடும்.

கேஸ் அடுப்புக்கு என்ன கவனம் தேவை?

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் பெட்டியின் அடித்தளத்தில், வண்டிக்கு வெளியே திறக்கும் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். 5 கிலோ சிலிண்டர் போதுமானது. ரப்பர்க் குழாயில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள், ஐந்து ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சோப்பு நுரையால் சோதியுங்கள், தீக்குச்சியால் அல்ல. ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். மலையில் குளிருக்காக அடுப்பை எரியவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உறங்குவது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) தொடர்பாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. இருக்கைகளைக் குறைத்துப் படுக்கை போட்ட வண்டியை வாங்குகிறவர், அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும். ஏறவில்லையெனில் விபத்துக் காப்பீட்டின்போது சிக்கல் எழும். சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பின் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். மஞ்சள் பலகை வண்டியாக இருந்தால், எட்டு ஆண்டைத் தாண்டிய பின் ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு.

நீண்ட பயணத்துக்கு என்னென்ன உதிரிகளை எடுத்துச் செல்லலாம்?

ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மேல் குழாய், அளவான கிளிப்புகள், டீசல் ஃபில்டர், எல்லா அளவிலும் ஃபியூஸ், ஐந்து லிட்டர் டிஸ்டில்ட் வாட்டர், மல்டிமீட்டர், ஒரு நல்ல ஜாக்கி, அதன் கீழ் வைக்க ஒரு பலகை. பெல்ட்டையும் குழாயையும் வாங்கிய உடனே வண்டியில் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அளவு மாறியிருந்தால் வீட்டு வாசலில் தெரிவதே நல்லது, ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூருக்குப் போகும் சாலையில் அல்ல. கழற்றிய பழைய பெல்ட் இன்னும் ஓடக்கூடியதாக இருந்தால் அதையே அவசரத்துக்கு வைத்துக்கொண்டு, புதியதை வண்டியிலேயே ஓடவிடுங்கள்.